கப்பல்துறை லைப்ரரி

மூன்றே மூன்று பேரை உட்காரவைத்து மாபெரும் பொதுக்கூட்டம் நடத்தியவள் நான். இதை ஒப்புக்கொள்ள இத்தனை வருஷம் ஆயிற்று. (மூவரில் ஒருவர் தூங்கினார். அதை மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கவனித்தார் என்றுதான் வாதாடுவேன்.)

அறுபதுகளில் ஒரு வருஷம். சென்னையில் சட்டப்படிப்பு இரண்டாம் ஆண்டு முடிந்து, விடுமுறைக்கு அந்தமானில் எங்கள் ஊரான புரோத்ராபூருக்கு வந்திருந்தேன். சட்ட மாணவர்களுக்கு டெல்லியில் ஆறு மாதம் பொதுவாழ்வுத் தலைமைப் பயிற்சி தரும் ஃபெல்லோஷிப் ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். ஒரே ஒரு நிபந்தனை. சொந்த ஊரில் கூட்டம் போட்டு, மக்களின் தலையாய தேவை எதுவோ அதைத் தீர்மானமாக நிறைவேற்றிக் காட்டவேண்டும். வேறு வேலையாகத் தீவுக்கு வரும் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் நேரில் பார்த்து முடிவு சொல்வார். கிடைத்தால் டெல்லி, பிறகு வக்கீல் கோட்டு. கிடைக்காவிட்டால் படிப்பை நிறுத்திவிட்டுப் போர்ட் பிளேரில் டைப்பிஸ்ட் வேலை. அதற்கு அம்மா ஆள் பிடித்தே வைத்திருந்தாள்.

நீதிபதியின் கப்பல் வரும் சனிக்கிழமையே கூட்டத்தை வைத்தேன். மத்தியானம் இறங்குவார், அப்பா அழைத்து வருவார், நாலு மணிக்குக் கூட்டம். என் மூளையை நினைத்து எனக்கே பெருமை தாங்கவில்லை.

அப்பா தூத்துக்குடிக்காரர், படகுப் பட்டறையில் தச்சர். அதிகம் பேசமாட்டார்.

"ஏட்டி, கப்பல் வார அன்னைக்கு எவம்ட்டி கூட்டத்துக்கு வருவான்?"

"கூட்டம் கூடுறது அடிப்படை உரிமைப்பா. வராம இருப்பாங்களா?"

"உரிமை கெடக்கட்டும். வெங்காயம் வருதுல்லா."

பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு கப்பல். கடிதம், வெங்காயம், சொந்தக்காரர்கள், பழைய பேப்பர் எல்லாம் அதில்தான் வரும். கப்பல் நாளில் ஊரில் ஒரு ஈ, காக்காய் இருக்காது. அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். சில வருஷம் சென்னைத் தண்ணீர் குடித்ததில் மறந்து தொலைத்துவிட்டேன்.

சனிக்கிழமை நாலு மணி. பள்ளிக்கூடத்தில் நாற்பது நாற்காலி, என் மடியில் ஒரு மாலை. வந்திருந்தவர்கள்: சாவியை விட்டுப் போக முடியாத வாட்ச்மேன், அவர் மனைவி, எதிர்வீட்டு வங்காளி ஹரிபாபு. (ஹரிபாபுவுக்குக் காலில் கட்டு. இல்லையென்றால் அவரும் கப்பலுக்குப் போயிருப்பார்.) நீதிபதியைக் காணோம். காத்திருக்கலாம் இல்லையா? நானா? நேரம் தவறாமையே தலைமைக்கு அழகு என்று முழங்க ஆரம்பித்தேன். நாற்பது நிமிஷம். கடைசியில் நானே எழுதி, நானே வாசித்து, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மூன்று கைகள் உயர்ந்தன.

ஐந்தரைக்குக் கொட்டும் மழையில் ஒரு லாரி வந்து நின்றது. ஊரே அதில் இருந்தது. நடுவில் வெங்காய மூட்டைமேல், சொட்டச் சொட்ட நனைந்தபடி நீதிபதி.

"கூட்டம் எப்பம்மா?"

"முடிஞ்சிருச்சு சார்."

தீர்மானத்தை வாங்கி உரக்கப் படித்தார். "புரோத்ராபூர் மக்களின் தலையாய, அவசரமான தேவை ஒரு சட்ட நூலகம்."

லாரி டிரைவர் அதை எல்லாருக்கும் புரிகிற இந்தியில் சொன்னார். அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள், கூரைத் தகரமே அதிர்ந்தது. மழையில் புத்தகத்தைப் போர்த்திக்கொண்டா நிற்பது என்று கேட்டார் ஹரிபாபு: "பாரிஷ் மே கிதாப் ஓட்கே கடே ரஹேங்கே க்யா?"

"நீங்களும் கை தூக்கினீங்களே, பாபு!"

எப்போது முடியும் என்று கேட்கத்தான் தூக்கினாராம்.

நீதிபதி அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "உங்க பொண்ணுதானே?"

"ஆமாங்கய்யா. பொண்ணு என்னுது. கூட்டம் என்னுதில்ல."

அவமானத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. டெல்லி போச்சு, கோட்டு போச்சு. டைப்ரைட்டர் சத்தம் காதிலேயே கேட்டது. அப்போது ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டிருந்த தெலுங்குக்கார அக்கா ஒருத்தி அதட்டினாள்: "ரோனா மத், லிக்கோ!"

அழாமல் எழுதினேன். கப்பல்துறையில் கைக்குழந்தையோடு மணிக்கணக்காக மழையில் நிற்கிறார்கள். ஒதுங்க ஒரு கூரை கிடையாது. ஆளுக்கொரு பாஷையில் கத்தினார்கள். நூலகத்தைக் குறுக்கே அடித்துவிட்டு அதே காகிதத்தின் பின்பக்கம் எழுதி வாசித்தேன். இந்த முறை அத்தனை கைகளும் உயர்ந்தன, பாதிக் கைகளில் வெங்காயப் பை.

மூன்று கப்பல் கழித்துக் கடிதம் வந்தது. (அன்று கப்பல்துறையில் முதல் ஆளாக நனைந்தது நான்.) தேர்வாகிவிட்டேன்! கீழே நீதிபதி கையெழுத்தில் ஒரு வரி: "இனிமேல் கூட்டத்துக்குத் தேதி குறிக்குமுன் தகப்பனாரைக் கேட்கவும்." அப்பா அதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டிவிட்டார். என் கல்யாணத் தேதியைக்கூடக் கப்பல் அட்டவணை பார்த்துத்தான் குறித்தார்கள்.

கப்பல்துறைக்குக் கூரையும் பின்னால் வந்தது. எங்கள் ஊரில் யாரும் அதைக் கூரை என்று சொல்வதில்லை. "மழ வருது, லைப்ரரிக்குள்ள நில்லு" என்பார்கள். மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர் அங்கே நின்று, புத்தகமெல்லாம் எங்கே என்று கேட்டிருக்கிறார்.

"அத எங்க வக்கீலம்மாகிட்டதான் கேக்கணும்" என்று என் வீட்டுக்கு வழி சொல்லி அனுப்பிவிட்டார்கள்.