எதிர்க்கேள்வி கேட்காத கணினி

எங்கள் உரிம அலுவலகத்தில் இயக்குநரை யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை, பழகிவிட்டோம். ஆகவே ஒரு திங்கட்கிழமை அவர் ஏதோ ஒரு கோப்பை அழிக்கப்போக, "நிச்சயமாக அழிக்க வேண்டுமா?" என்று கணினி கேட்டதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"இது யாரைக் கேக்குது?" என்றார்.

"எல்லாரையும் கேக்கும் சார்," என்றார் கண்காணிப்பாளர்.

"எல்லாரையும் கேக்கட்டும். என்னை எதுக்குக் கேக்கணும்?"

உடனே பயன்பாட்டு ஆலோசகர் ஒருவர் தருவிக்கப்பட்டார். வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, கணுக்கால் தெரியும் பேன்ட். மனிதனுக்கும் கணினிக்கும் நடுவே உராய்வே இருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. செட்டிங்ஸைத் திறந்து, 'அழிக்கும் முன் கேட்கவும்' என்பதன் எதிரே இருந்த டிக்கை எடுத்தார். பிறகு அதை விளக்கி நாற்பது படம் போட்டுக் காட்டினார். குமாஸ்தாவான நான் உட்படப் பதினேழு பேரும் கைதட்டினோம்.

வியாழக்கிழமை இயக்குநர் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை டெலீட் பொத்தான் மேல் வைத்தார். திரையில் அப்போது தேர்வாகியிருந்தது ஒரு தையல்காரம்மாவின் கடை உரிமக் கோப்பு. கணினி வாயைத் திறக்கவில்லை. கோப்பு நேராகக் குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டது.

அந்தம்மாவின் பழைய உரிமம் முடிய இன்னும் முப்பது நாள். அதற்குள் புதியது வராவிட்டால் கடைக்குப் பூட்டு. மறுபடி விண்ணப்பித்தாலோ மூன்று மாதமாகும். அந்தக் கடையின் மூன்று மிஷின்களை நம்பித்தான் அவர் குடும்பமே ஓடிக்கொண்டிருந்தது.

விசைப்பலகையில் கண்ட்ரோல், இசட் என்ற இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அமுக்கினால் கோப்பு திரும்பி வந்துவிடும். ஒரு விநாடி வேலை. கண்காணிப்பாளர்தான் அதில் ஒரு நுட்பத்தைக் கண்டுபிடித்தார்.

"நீங்க செஞ்சதைச் செய்யலைன்னு ஆக்குறது மேல்முறையீடு சார். அதை உங்களுக்கு மேல இருக்கறவர்தான் செய்யணும்."

"எனக்கு மேல இங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்லையே சார். அதான் யோசிக்கிறேன்."

"நானே அமுக்கிட்டா?"

"தப்புப் பண்ணிட்டேன்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்."

இயக்குநர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

விஷயம் பரிசீலனையில் இருப்பதால் அந்தக் கணினியைத் தொடவோ அணைக்கவோ கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. விசைப்பலகை மேல் ஒரு துணியைப் போர்த்தினார்கள். 'இரு பொத்தான் ஆய்வுக் குழு' ஒன்றும் அமைந்தது. இரண்டையும் ஒரே ஆள் அமுக்கினால் அதிகாரக் குவிப்பு, ஆளுக்கொன்று அமுக்கினால் யார் முதலில் என்ற கேள்வி வரும் என்று பணிமூப்புப் பட்டியலைப் புரட்டினார்கள். குப்பைத் தொட்டிக்குப் போனது முப்பதாம் நாள் தானாகவே அழியும்படி ஆலோசகர் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதையும் குழு 'கவனத்தில் கொண்டது'.

தையல்காரம்மா வாரத்துக்கு இரண்டு நடை வந்தார்.

"தப்பாத் தைச்சுட்டா நாங்க பிரிச்சுத் தைப்போம் சார். இதைப் பிரிக்க முடியாதா?"

"ரெண்டு பொத்தானை அமுக்கினாப் பிரிச்சுடலாம்மா. யார் பிரிக்கிறதுன்னுதான் பாத்துட்டிருக்கோம்," என்றார் கண்காணிப்பாளர்.

முப்பதாம் நாள் மாலை நாலு மணிக்குப் பரிந்துரை வந்தது. இயக்குநர் விடுப்பில் போனால், அவர் பொறுப்பைப் பார்ப்பவர் அமுக்கலாம். இயக்குநர் அங்கேயே விடுப்பு எழுதினார். அவருக்கு மேலே யாரும் இல்லாததால், அதை அனுமதிக்க வேண்டியவர் பொறுப்பு அதிகாரி. பொறுப்பு அதிகாரியோ விடுப்பு அனுமதியான பிறகுதான் பொறுப்பேற்க முடியும். இதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே நாலரைக்குத் தொட்டி காலியாகிவிட்டது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தம்மாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் அழவில்லை. உள்ளே வந்து எங்கள் மேசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இத்தனை பேர் இருக்கீங்க. அந்த ரெண்டு பொத்தான் எதுன்னு ஒருத்தருக்குமா தெரியல?"

எங்களுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷ சர்வீஸில் எங்களை யாரும் அப்படிக் குறைத்துப் பேசியதில்லை. பதினேழு பேரும் ஒரே குரலில் சொன்னோம்.

"எல்லாருக்கும் தெரியும்மா."