நாலு பேர் இழுத்த வால்

மூன்றாவது முறையாக வால் அறுந்து விழுந்தபோது மிருகம் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தது.

"விழுந்துடுச்சா?" என்று மிருகம் கேட்டது.

"இல்லை. லேசா இறங்கியிருக்கு," என்றார் தையல்காரர்.

மிருகம் மெதுவாகத் திரும்பிப் பார்த்தது. வால் எட்டடி தள்ளி, தையல் மிஷினின் பெடலுக்குப் பக்கத்தில் கிடந்தது. இறங்கியது என்று சொல்லக்கூடிய தூரமில்லை.

"ஏங்க, என்னைக் கழட்டி விடுங்க. பத்து மணிக்கு நான் ஆஸ்பத்திரியில இருக்கணும்."

உள்ளே இருந்தது அவருடைய மனைவி. பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலை. இந்த உடுப்புக்குள் நிஜமாக நுழையப் போகிறவர் ஒரு சண்டைக் கலைஞர். அவருடைய அளவு மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் வந்திருந்தது. அந்த உயரம் வீட்டில் மனைவிக்குத்தான் பொருந்தியது. தையல்காரர் நான்கு விரற்கடை குறைவு. அதைப் பற்றிக் கல்யாணமான நாளிலிருந்து இருவரும் பேசிக்கொள்வதில்லை.

வேலை வந்தது மச்சான் மூலமாக. மச்சான் என்றால் மனைவியின் தம்பி. ஒரு சினிமாக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவர். போன வாரம் அவர் கம்பெனி மேனேஜரைக் கையோடு கடைக்கு அழைத்து வந்துவிட்டார்.

"மாஸ்டர், ஒரு மிருகம் தைக்கணும்," என்று சட்டைக்கு அளவு சொல்வது போலச் சொன்னார் மேனேஜர். "கை ரெண்டு, கால் ரெண்டு, பெரிய வால் ஒண்ணு. முகம் உங்க இஷ்டம். புதுசா எதுவும் வாங்காதீங்க. வீட்டுல, தெருவுல கிடைக்கிறதை வச்சே முடிச்சிடுங்க."

"தையல் எப்படி வேணும் சார்? டபுள் அடிச்சிடவா?"

"வேண்டாம் வேண்டாம். உங்க வழக்கமான தையல் போதும்."

அந்த வாக்கியத்தைத் தையல்காரர் அன்றைக்கு நான்கு பேரிடம் சொன்னார். பதினெட்டு வருஷத் தொழிலில் யாரும் அவருடைய வழக்கமான தையலைக் கேட்டு வந்ததில்லை. அவர் தைத்தது பிரிந்து திரும்பி வந்ததுண்டுதான். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் காரணம் இருந்தது. துணி மட்டம், நூல் மட்டம், போட்டவர் உட்கார்ந்த விதம் சரியில்லை. ஒருவர் தும்மியிருக்கிறார்.

காரணங்கள் கூடக்கூட வாடிக்கையாளர்கள் குறைந்தார்கள். ஆகவே மனைவி ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். ரெடிமேட் குடோனில் பட்டன் வைக்கும் வேலை. ஒன்றாம் தேதி சேரலாம்.

"பட்டன் வைக்கிறதா? நானா?"

"பட்டன்தானே. பிரிஞ்சா ஒண்ணுதான் விழும்."

கடைசியில் இருவரும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். மிருகம் ஷூட்டிங்கில் ஒரு நாள் முழுக்கப் பிரியாமல் நின்றால் கடை தொடரும். எங்காவது ஒரு தையல் விட்டால், கடைக்குப் பூட்டு, மாஸ்டருக்கு குடோன்.

பழைய சோபாவின் ஸ்பாஞ்சை அறுத்து உடம்பு ஆயிற்று. கிழிந்த குடைகளின் துணி தோலாயிற்று. முட்டை அட்டைகளைக் கவிழ்த்து ஒட்டியதில் முதுகு முழுக்கச் செதில். கண்ணுக்கு இரண்டு தேங்காய்ச் சிரட்டைகள். பல்லுக்குத்தான் திண்டாட்டமாக இருந்தது. அதற்கும் மனைவி வழி செய்தாள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு அச்சு எடுத்த மாவுக்கட்டுப் பற்கள் ஒரு பெட்டி நிறையக் கழிவில் கிடந்தன. மிருகத்தின் வாயில் ஊரில் பாதிப் பேருடைய பல் வரிசையாக ஏறியது.

"இந்தக் கீழ்வரிசை போஸ்ட் மாஸ்டருடையது," என்றாள் மனைவி. "பார்த்தாலே தெரியுது. சிரிக்கவே மாட்டார்."

எல்லாம் நின்றது. வால் மட்டும் நிற்கவில்லை.

ஸ்பாஞ்ச் கனம் என்று முடிவு செய்து, அதை உருவிவிட்டு முட்டை அட்டையை அடைத்தார். வால் இலேசாயிற்று. ஆனால் மிருகம் ஸ்டூலில் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்ததும் வால் தோசைக்கல்லில் தேய்த்த மாதிரி சப்பையாகிவிட்டது.

அதற்கு உருவம் நிற்க வேண்டுமே என்று குடைக் கம்பிகளைச் செருகினார். உருவம் நின்றது. அந்த நேரம் பார்த்து, பாவாடைக்கு நாடா கோக்கக் கொடுத்திருந்த பக்கத்து வீட்டம்மாள் உள்ளே வந்தாள். மிருகம் மரியாதைக்காகத் திரும்பி, "வாங்கக்கா," என்றது. வால் படாரென்று குடை போல விரிந்து, சுவரிலிருந்த ஆளுயரக் கண்ணாடியைத் தட்டிவிட்டது. பக்கத்து வீட்டம்மாள் பாவாடையைக் கேட்காமலே போய்விட்டாள்.

கம்பிகளை எடுத்துவிட்டு, வாலை ஒரு பட்டையால் தோளோடு இழுத்துக் கட்டினார். வால் விழவில்லை. ஆனால் கனம் பின்னால் இழுத்ததில் மிருகத்தின் முகம் மேலே போய், அது நின்ற நேரமெல்லாம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஃபேன்ல ஒட்டடை இருக்குங்க," என்றது மிருகம்.

முன்பக்கம் கனம் சேர்த்தால் சரியாகிவிடும் என்று தாடையில் இன்னும் இரண்டு வரிசைப் பல் ஏற்றினார். முகம் இறங்கியது. இறங்கியது நிற்காமல் மார்பில் போய் முட்டியது. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பதில் சொல்லாமல் போனபின் நிற்கும் தகப்பன் மாதிரி இருந்தது.

"பயமா இருக்கா?" என்று கேட்டார்.

"பாவமா இருக்கு," என்றாள் மனைவி.

மேனேஜருக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார்.

"சார், வால் கொஞ்சம் தகராறு பண்ணுது. கட்டி வைக்கலைன்னா விழுந்துடுது."

"அதனால என்ன மாஸ்டர். விடுங்க. ரொம்ப மெனக்கெடாதீங்க."

"முதுகிலேயும் தையல் லேசா..."

"இருக்கட்டும் மாஸ்டர், இருக்கட்டும்." பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது.

தையல்காரர் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"என்ன சொன்னார்?"

"என்னால முடியாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. திட்டியிருந்தாக்கூடத் தாங்கிக்கலாம். ஆறுதல் சொல்றாங்க."

இந்த நிலையில்தான் ஜிப் மாட்டிக்கொண்டது. முதுகுப்பக்க ஜிப் பாதியில் நின்று, மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. மணி ஒன்பதே முக்கால். உள்ளே மனைவி.

"எண்ணெய் விடட்டுமா?"

"எதையாவது விடுங்க. என்னை வெளியே விடுங்க."

எண்ணெய் விட்டதில் ஜிப் அப்படியே இருந்தது. பசை இளகி, செதில்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. இடுக்கியால் இழுத்தார், ஜிப்பின் தலை கையோடு வந்தது. கடைசியில் கழுத்திலிருந்து இடுப்பு வரை கத்தரிக்கோலால் கிழித்துத்தான் மனைவியை மீட்க வேண்டியிருந்தது. அவள் வெளியே வந்து, தலையைச் சீவி, காதோரம் ஒட்டியிருந்த ஸ்பாஞ்சைக் கிள்ளி எறிந்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டினாள்.

"குடோன்ல ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. ஒன்றாம் தேதி. மறந்துடாதீங்க."

கிழிந்த மிருகத்தின் நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார். ஷூட்டிங்குக்கு இரண்டு நாள் இருந்தது. இதுவரை அவர் துணியையும் நூலையும் போட்டவரையும்தான் குற்றம் சொல்லியிருக்கிறார். இப்போது துணி அவர் பொறுக்கியது, நூல் அவர் கோத்தது, போட்டது அவருடைய மனைவி. அவளைக் குற்றம் சொல்வதற்கு அவருக்குத் துணிச்சல் போதாது. மிச்சம் இருந்தது ஒரே ஆள்.

கடையை மூடினார். செருப்பு தைப்பவரிடம் போய் மெழுகு நூலும் குத்தூசியும் கேட்டு வாங்கிவந்தார். சைக்கிள் கடையிலிருந்து பழைய டியூப்களையும் ஒரு டயரையும் சுமந்துவந்தார். மிருகத்தை அடியோடு பிரித்தார். எல்லா இணைப்புக்கும் உள்ளே டியூப் ரப்பரை வைத்து, குத்தூசியால் ஓட்டை போட்டு, கையாலேயே இரட்டைத் தையல் போட்டார். ஒவ்வொரு கையளவுக்கும் ஒரு முடிச்சு. ஆள் நுழைய வயிற்றுப் பக்கம் கொக்கிகள் வைத்தார். வாலின் அடியில் அந்த டயரையே வளைத்து வைத்துத் தைத்து, அதை உள்ளேயிருக்கும் ஆளின் இடுப்புப் பெல்ட்டோடு சேர்த்தார். விரல் நுனியெல்லாம் பொத்தலாயிற்று. இரண்டாம் நாள் மாலை வாலைக் கதவின் கொண்டியில் மாட்டித் தொங்கிப் பார்த்தார். கொண்டி பிடுங்கிக்கொண்டு வந்தது.

மனைவி கொண்டியையும் பார்த்தாள், வாலையும் பார்த்தாள். பிறகு அவருடைய விரல்களுக்கு மஞ்சள் மருந்து தடவினாள்.

மறுநாள் காலை மச்சான் வேனோடு வந்தார். மிருகத்தை ஏற்றும்போது வாலை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். இன்னொரு இழுப்பு. முகம் மாறியது.

"என்ன மாமா இப்படித் தைச்சிருக்கீங்க?"

"எப்படி?"

"கெட்டியா."

"ஆமாம்," என்றார் தையல்காரர் அடக்கமாக.

மச்சான் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அசந்துபோய்விட்டான் என்று தையல்காரர் நினைத்துக்கொண்டார்.

ஷூட்டிங் ஒரு காலி மில்லுக்குள் நடந்தது. சண்டைக் கலைஞர் உடுப்புக்குள் புகுந்தார். டைரக்டர் கை காட்ட, மிருகம் நடந்தது. மூன்று அடி. ஐந்து. பத்து. சுவர் வரை போய் நின்றது.

"இன்னொரு தரம்," என்றார் டைரக்டர்.

மிருகம் மறுபடி நடந்தது. பிறகு ஓடச் சொன்னார்கள். ஓடியது. குதிக்கச் சொன்னார்கள். மேஜையிலிருந்து குதித்தது. தரையில் உருளச் சொன்னார்கள். உருண்டு எழுந்து நின்றது. போஸ்ட் மாஸ்டரின் பற்கள்கூட அசையவில்லை. தையல்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். சினிமாக்காரர்கள் பொருளை இவ்வளவு தீரச் சோதித்து வாங்குவார்கள் என்று அவருக்குத் தெரியாது. மனசுக்குள் மரியாதை கூடியது.

அதன்பிறகு நான்கு லைட்மேன்கள் வந்து வாலைப் பிடித்தார்கள். மேனேஜர் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினார். நால்வரும் காலை ஊன்றி இழுத்தார்கள். மிருகம் பின்னால் போனது. உள்ளேயிருந்து, "இடுப்பு, இடுப்பு," என்று குரல் வந்தது. நால்வரும் ஒருவர் மேல் ஒருவர் மல்லாந்தார்கள். வால் இருந்த இடத்தில் இருந்தது.

தையல்காரர் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கி, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.

"நாலு பேர் இழுத்தாங்க."

"ம்."

"வரலை."

அந்தப் பக்கம் யாருக்கோ டோக்கன் நம்பர் சொல்லும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "நிஜமாவா?"

"உன் தம்பியைக் கேளு. கண்ணால பார்த்தான்."

"சரிங்க. குடோன்ல நீங்க வரமாட்டீங்கன்னு நான் சொல்லிடறேன்," என்றாள் மனைவி. சற்றுப் பொறுத்து, "சாப்பிட்டீங்களா?" என்றும் கேட்டாள். அப்படிக் கேட்டு வெகு நாளாகிறது.

அவர் திரும்பி வந்தபோது லைட்மேன்கள் விலகியிருந்தார்கள். டைரக்டர் நாற்காலியில் தலையைக் கையால் தாங்கியிருந்தார். மேனேஜர் முட்டிபோட்டு உட்கார்ந்து, மிருகத்தின் முதுகில் ஒரு பிளேடை வைத்து அறுத்துக்கொண்டிருந்தார். மெழுகு நூலில் பிளேடு முறிந்தது. மச்சான் எங்கும் காணப்படவில்லை.

"இன்னும் என்னத்தை சோதிக்கிறாங்க?" என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கேட்டார் தையல்காரர். கிளாப் அடிக்கும் பெண் அவள். கையில் சீன் பேப்பர் இருந்தது.

அவள் அவருடைய விரல்களைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"இது சிரிப்புப் படம் மாஸ்டர், மூணாவது அடியில வால் விழுந்து முதுகு பிரிஞ்சு உள்ளே இருக்கிற ஆள் தெரியணும், அதுக்காகவே எட்டு தையல்கடையில ஆளுக்கொரு சட்டை தைக்கக் கொடுத்துப் பார்த்தோம், போட்டு வீட்டுக்கு வர்றதுக்குள்ள பிரிஞ்சது உங்களுது ஒண்ணுதான்."