களை எடுக்காததற்கு ஒரு பரிசு

கொழிஞ்சாம்பாறை,
புதன்கிழமை.

மதிப்பும் பாசமும் நிறைந்த மாப்பிள்ளை சென்னிமலை அவர்களுக்கு, மச்சான் பூபதிராஜா எழுதுவது. இங்கு நானும் உங்கள் அக்கா பழனாத்தாளும் நாலு மாடுகளும் நலம். பொள்ளாச்சியில் உங்கள் நலமும், உங்களிடம் தமிழ் படிக்கும் பிள்ளைகளின் நலமும் அறிய ஆவல். போனில் பேசினால் உங்கள் அக்கா காதில் விழும். அதனால் கடிதம்.

நம் தென்னந்தோப்புக்குப் பஞ்சாயத்தில் பரிசு கொடுக்கப்போகிறார்கள். சிரிக்காதீர்கள். மூன்று வருஷமாக நான் அதில் களை எடுக்கவில்லை என்பது உங்களுக்கே தெரியும், முதல் வருஷம் ஆள் கிடைக்கவில்லை, இரண்டாம் வருஷம் இடுப்பு வலி, மூன்றாம் வருஷம் பழகிவிட்டது. இந்தக் கோடையில் அக்கம்பக்கத்துத் தோப்பெல்லாம் மட்டை தொங்கிக் கிடக்க, நம்முடையது மட்டும் பச்சென்று நிற்கிறது. வேளாண்மை ஆபீசர் ஜின்சன் சார் இடுப்பளவு புல்லுக்குள் இறங்கி மண்ணைக் கிள்ளிப் பார்த்தார், புல்தான் மூடாக்காக இருந்து ஈரத்தைக் காத்திருக்கிறது என்றார், “சேட்டா, இது வலிய நேட்டமாணு”, அதாவது பெரிய சாதனை என்று மலையாளத்தில் சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முப்பது வருஷமாக உங்கள் அக்கா எனக்குக் கொடுத்திருக்கிற ஒரே பட்டம் சோம்பேறி. அதை அழிக்க இந்த ஒரு பரிசு போதும் மாப்ளே. கையில் வாங்கியதும் காட்டிக்கொள்ளலாம் என்று, ஆபீசர்கள் வருகிறார்கள் என்று மட்டும் அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கமிட்டி தோப்பைப் பார்த்த பிறகு, என் சாதனையைப் பற்றி நான் நாலு வார்த்தை பேச வேண்டுமாம். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். போன வாரம் காரணம் சொல்லாமல் போனில் கேட்டபோது, சாதனை என்றால் முயன்று முடித்தது என்றீர்கள். சரி, மலையாளத்து நேட்டமாவது கைகொடுக்கும் என்று பார்த்தால், அதுவும் நம் பழைய தமிழ்தான், நேடுவது என்றால் தேடிச் சம்பாதிப்பது என்று அந்த வழியையும் அடைத்துவிட்டீர்கள். நான் முயலவும் இல்லை, தேடவும் இல்லை, சும்மா இருந்தேன். உழைக்காமலே வருகிற மாதிரி மூன்றாவதாக ஒரு அர்த்தம் எங்காவது இருந்தால் உடனே எழுதுங்க. ரெண்டு நாளா ரூமுக்குள்ள உக்காந்து இந்தப் பேச்சைத்தான் எழுதறேன், பக்கத்துல எவனோ மெஷின் ஓட்டற சத்தத்துல யோசிக்கவே முடியலை.

குழந்தைகளுக்கு என் ஆசி. தங்கச்சிக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
பூபதிராஜா

பி.கு.: தபாலில் போட வெளியே வந்தேன். மெஷின் சத்தம் பக்கத்துத் தோட்டத்தில் இல்லை. உங்கள் அக்கா புல் வெட்டும் மெஷினோடு ரெண்டு ஆளை வைத்து, தானும் அரிவாளோடு இறங்கி, தோப்பு முழுக்கச் சுத்தம் செய்துவிட்டாள். தலையெல்லாம் புல் ஒட்டிக்கொண்டு நின்றாள். “ஏனுங்க, பெரிய மனுசங்க வர்றாங்கன்னு சொன்னீங்க. தோப்பு அப்படிக் கெடந்தா உங்களைத்தானுங்க பேசுவாங்க” என்றாள். பரிசு போச்சு. அவள் தலையில் இருந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். மூன்றாவது அர்த்தம் தேட வேண்டாம் மாப்ளே, சாதனை என்றால் முயன்று முடித்தது என்று நீங்கள் முதலில் சொன்னதே சரி. நாலு ஏக்கரிலும் ஒரு புல் இல்லை.