நூறு சதவீதம் மாறியாச்சு

"இன்னும் எம்புட்டு நேரம் சார்?"

மொக்கைச்சாமி இதைக் கேட்பது ஆறாவது தடவை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த கிளார்க் ராஜகுரு எண்ணிக்கொண்டிருந்தான்.

"ரெண்டே நிமிஷம்ணே."

அவன் இதைச் சொல்வதும் ஆறாவது தடவை.

மணி பன்னிரண்டு. எழுமலைக்காரரான மொக்கைச்சாமியின் மகள் தங்கப்பொண்ணுக்கு ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. மாலை நான்குக்குள் வருமானச் சான்றிதழ் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் அடுத்த பெயருக்கு. ஒரு மணி பஸ்ஸைப் பிடித்து, மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கி, மாட்டுத்தாவணி போய், அங்கே ஒத்தக்கடை வண்டி ஏற வேண்டும். தங்கப்பொண்ணு பெஞ்சில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

2007 ஜூலை அது. காசு கொடுத்து வாங்கும் சாப்ட்வேரை விட்டுவிட்டு, யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்கிற லினக்ஸுக்கு மாறும்படி மேலிடத்து உத்தரவு. ராஜகுரு லீவிலிருந்த சனிக்கிழமை இன்ஜினியர் வந்து போயிருந்தார். தாலுகா அலுவலகத்தின் ஒரே கம்ப்யூட்டரின் நெற்றியில் லினக்ஸின் சின்னமான பென்குயின் பொம்மை ஸ்டிக்கர். அதன்மேல் சந்தனம், குங்குமம். 'நூறு சதவீதம் மாறியாச்சு' என்று ஹெட் கிளார்க் ரவிசங்கர் அன்றைக்கே மதுரைக்கு அறிக்கை அனுப்பிவிட்டார்.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்ட பட்டு மேடம் பிரசவ லீவில் இருந்தார். ரவிசங்கர் மௌஸைத் தொட்டதே இல்லை. மிச்சம் ராஜகுரு. நாலு மாதமாக மாலை வகுப்பில் லினக்ஸ் படிக்கிறான். ஆனால் அங்கே பதினெட்டுப் பேருக்கு ஒரே கம்ப்யூட்டர், அதையும் வாத்தியார் மட்டும்தான் தொடுவார். ராஜகுரு படித்ததெல்லாம் கரும்பலகையில். தொண்ணூற்றாறு பக்க நோட்டு, முக்கியமான இடங்களில் சிவப்பு அடிக்கோடு.

பக்கம் பதினாலில் இருந்த கட்டளையை அடித்தான். தவறான கட்டளை என்று வந்தது. எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து மறுபடி அடித்தான். மறுபடியும் தவறு.

'நான்தான் தப்பா எழுதியிருக்கேன்' என்று நினைத்தான். எதற்கும் முதலில் அப்படி நினைப்பதுதான் அவன் வழக்கம்.

டீ கொண்டுவந்த அழகம்மாள் எட்டிப் பார்த்தாள். அலுவலகத்தைத் திறந்து பெருக்குவது, டீ வாங்குவது எல்லாம் அவள்தான்.

"பாக்க பழசு மாதிரியேதான சார் இருக்கு?"

"பழகினவங்களுக்குக் கஷ்டமா இருக்கக்கூடாதுன்னு அப்படிச் செஞ்சிருப்பாங்கக்கா."

"இல்ல சார், அன்னைக்கி..."

"அழகம்மா, எனக்கு டீ எங்கே?" என்று ரவிசங்கர் அதட்டினார். அவள் டீயை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினாள்.

பக்கம் முப்பத்தொன்று: 'வேகம் குறைந்தால் வேண்டாத கோப்புகளை நீக்கவும்.' ராஜகுரு நீக்கினான். வேகம் கூடவில்லை. நீக்கியதில் சான்றிதழ் படிவமும் போய்விட்டது.

"ஓசியில வந்தது எப்படி இருக்கும்? இப்படித்தான் இருக்கும்!" ரவிசங்கர் மேஜையைத் தட்டினார். "காசு குடுத்து வாங்கினதுல இந்தத் தொல்லை உண்டா? நீதான்யா லினக்ஸ், லினக்ஸ்னு குதிச்ச."

"குதிக்கல சார். வகுப்புக்குப் போறேன்னு சொன்னேன், அம்புட்டுதான்."

பக்கத்து அலுவலகத்துக்கு ஓடி, அதே படிவத்தை பிளாப்பியில் வாங்கிவந்தான். திறந்தால் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. பிரிண்ட் எடுத்தால் சரியாகிவிடும் என்று நம்பி பொத்தானை அழுத்தினான். கட்டங்களாகவே நாற்பது பக்கம் வந்தது. நிறுத்தத் தெரியவில்லை. பேப்பர் தீர்ந்து தானாக நின்றது.

மொக்கைச்சாமி எழுந்தார்.

"நாலு நாளா வாரேன். மொத நாள் ஆள் இல்லேன்னீக. ரெண்டா நாள் கரண்டு இல்லேன்னீக. சனிக்கெழம பொட்டியை மாத்துறோம்னு வெரட்டி விட்டீக. இன்னைக்கு மாத்திட்டோம், அதான் முடியலங்குறீக. எம்மக படிப்பு ஒங்க வெளையாட்டுச் சாமானாய்யா?"

தங்கப்பொண்ணு அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

ராஜகுரு நோட்டை மூடினான். மூலையில் துணி போர்த்திக் கிடந்த தட்டச்சு மெஷினைத் தூக்கிவந்து மேஜையில் தொப்பென்று வைத்தான்.

"யோவ், என்ன பண்றே?"

"சான்றிதழ் அடிக்கிறேன் சார்."

"கூடாது! நூறு சதவீதம் மாறியாச்சுன்னு அறிக்கை போயாச்சு. தட்டச்சுல குடுத்தா அறிக்கை பொய்யாயிடும்."

"பொய்யாகட்டும் சார்!" ராஜகுரு கத்தினான். ஆறு வருட வேலையில் அவன் கத்தியது அதுதான் முதல் தடவை. கத்திவிட்டு மெஷினில் தாளைச் செருகினான். நிறுத்தாமல் அடித்தான்.

பன்னிரண்டு ஐம்பதுக்குத் தாளை உருவிக்கொண்டு தாசில்தார் தேவிகாவின் அறைக்குள் நுழைந்தான். பின்னாலேயே ரவிசங்கர், மொக்கைச்சாமி, தங்கப்பொண்ணு, காலி கிளாஸ் எடுக்க வந்த அழகம்மாள்.

"கையெழுத்துப் போட்டுடாதீங்க மேடம்!" ரவிசங்கருக்கு மூச்சு வாங்கியது. "லினக்ஸ் வந்த பிறகு ஒரு தாளு தட்டச்சுல போனாலும் நம்ம ரெண்டு பேருக்கும் மெமோ வரும். தப்பு இவன் மேல. கண்டதையும் தட்டி மெஷினைக் கெடுத்துட்டான்."

தாசில்தாரின் பேனா தாளுக்கு மேலே நின்றது.

"நிஜமா ராஜகுரு?"

"ஆமா மேடம். என் நோட்டுல ஏதோ பிசகு. லினக்ஸ் நல்லாத்தான் இருக்கும், எனக்குத்தான் தெரியல."

வெளியே ஒரு மணி பஸ் ஹாரன் அடித்தது. பேனா இறங்கவில்லை.

கிளாஸ்களைக் கையில் அடுக்கிக்கொண்டே அழகம்மாள் சொன்னாள்: "நீங்க கையெழுத்தப் போடுங்கம்மா, அந்தப் பொட்டியில இன்னும் பழசுதான் கெடக்கு, சனிக்கெழம கரண்டு இல்லன்னு இந்த ஹெட் கிளார்க்கு ஐயாதான் இன்ஜினியர் தம்பிகிட்ட, 'பொம்மையை மட்டும் ஒட்டிட்டுப் போ, மிச்சத்த அடுத்த மாசம் பாக்கலாம்'னாரு."