ஃபுல்லர் பரம்பரைத் தொழில்

குளியல் தொட்டியில் குழந்தையின் மூத்திரத் துணிகளைக் கசக்கிக்கொண்டிருந்தாள் ஃப்ளோரா. துவைக்கிற மிஷின் காலையிலிருந்து ஓடவில்லை. கதவோரம் பார்னி ஃபுல்லர் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. அந்த வாடைக்கும் அவனுக்கும் ஆகாது.

வாடையைவிடப் பெரிய கவலை இன்று. நாளைக் காலை குழந்தையின் பேரைப் பதிய வேண்டும். பின்னால் வரப்போவது யார் குடும்பப் பேர்? அவளுடையது டேலமர். இங்கிலாந்தைப் பிடித்த அரசனோடு கப்பலேறி வந்த பரம்பரை என்று மாமனார் ஒவ்வொரு ஞாயிறும் சுட்ட ஆட்டுத்தொடையை அறுக்கும்போது சொல்வார். "உன் பேர் எப்படி வந்துச்சுன்னு பாதிரியாரைக் கேட்டுட்டு வா. நல்லா இருந்தா அதையே வச்சிடலாம்" என்று ஃப்ளோரா அனுப்பியிருந்தாள்.

கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தான். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

"என்ன சொன்னார்?"

"துணித் தொழிலாம்."

"நெசவா?"

"அதுக்கு அடுத்தது. துணித் தொழில்ல காலூன்றி நின்னவங்களாம்."

"எதுல நின்னாங்க?"

பார்னி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "தொட்டியில."

"தொட்டியில என்ன இருந்துச்சு?"

"கம்பளித் துணி."

"வேற?"

"தண்ணி மாதிரி ஒண்ணு."

"பார்னி."

"மூத்திரம்" என்றான், சுவருக்கு மட்டும் கேட்கும்படி. "ஊர் மூத்திரம். வீடு வீடா வாங்கிட்டு வந்து, புளிக்க வச்சு, துணியைப் போட்டு நாள் பூரா மிதிச்சாங்களாம். எண்ணெய்ப்பிசுக்கு போகுமாம். அப்படி மிதிக்கிறவனுக்குத்தான் ஃபுல்லர்னு பேராம்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். டேலமர் ஜெயித்தாயிற்று.

ஃப்ளோரா சிரிக்கவில்லை. "எங்க ஆளுங்க கப்பல்ல வந்து என்ன பண்ணுனாங்க? உக்காந்து தின்னாங்க. உங்க ஆளுங்க உழைச்சவங்க. ஃபுல்லர்னே வச்சிடலாம்."

"நெஜமாவா ஃப்ளோ?"

"எனக்கு இது கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். ஆனா பேரை மட்டும் குடுத்தாப் போதுமா? தொழிலும் கூட வரணும்ல?"

பார்னி தொட்டியைப் பார்த்தான். மஞ்சள் தண்ணீரிலிருந்து ஆவி பறந்தது.

"அவங்கல்லாம் ஐநூறு வருஷத்துக்கு முந்தி..."

"ரத்தத்துல இருக்கும். ஷூவைக் கழட்டு."

டேலமரே இருந்துவிட்டுப் போகட்டுமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆட்டுத்தொடையும் மாமனாரின் கத்தியும் கண்முன் வந்தன. கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான்.

"அப்படித்தான். குதிகாலை நல்லா அழுத்து. பாரு, எவ்வளவு அழகா வருது."

"நாளைக்கே மிஷின் ரிப்பேர்காரனைக் கூப்பிடுறேன்" என்றான் பார்னி, மிதித்தபடி, மூக்கைப் பிடித்தபடி.

பக்கத்து அறையில் குழந்தை வீறிட்டது. ஃப்ளோரா கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். ஓடிக்கொண்டே சொன்னாள்:

"அவன் எதுக்கு? மிஷினுக்கு ஒண்ணும் ஆகல, நான்தான் பிளக்கைப் பிடுங்கி வச்சிருக்கேன்."