வாங்காத வீட்டுக்குத் தவணை

ஒரு வீட்டை வாங்க எவ்வளவு சம்பளம் வேண்டும் என்ற கேள்வியை மட்டும் வாய்விட்டுக் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் ஊரே பதில் சொல்லும், ஒரு பதிலும் இன்னொன்றோடு ஒட்டாது. நான் கேட்டேன். கேட்டதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. பதிலை நானே வாழ்ந்து பார்த்துக் கண்டுபிடிக்கக் கிளம்பினேன் பாருங்கள், அங்கேதான் சனி பிடித்தது.

அப்போது நாங்கள் ராஜபாளையத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கு நூல் மில்லில் ஆபீஸ் வேலை. மனைவி கலைச்செல்வி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஊருக்கு வெளியே புதுக் காலனியில் ஒரு மாடி வீடு விலைக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனோம். (சும்மா பார்க்கப் போய் எவன் உருப்பட்டிருக்கிறான்?) தேக்குக் கதவு. கார் நிற்க போர்ட்டிகோ. மொட்டை மாடியில் ஏறினால் மேற்கே மலை முழுசாகத் தெரிந்தது. எங்களிடம் கார் கிடையாது. ஆனாலும் அந்த போர்ட்டிகோவில் நின்று கலை ஒரு பெருமூச்சு விட்டாள். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற எஞ்சினியர். விலை எண்பது லட்சம் என்றார், ஏதோ எண்பது ரூபாய் என்பதைப் போல.

வங்கியில் கேட்டேன். “ரெண்டு பேர் சம்பளத்துல பாதிக்கு மேல தவணை போகக் கூடாது சார். உங்களுக்குக் கொஞ்சம் இழுக்குது” என்றார்கள். மில் கேஷியரோ, “பாதியா? மூணுல ஒரு பங்குதான். ஆஸ்பத்திரி செலவு வந்தா என்ன செய்வீக?” என்று மிரட்டினார். பக்கத்து சீட்டுக்காரர், “முதல்ல வாங்குங்க, சம்பளம் பின்னாலேயே வரும்” என்றார். (அவர் இன்றுவரை வாடகை வீட்டில்தான் இருக்கிறார்.)

எரிச்சல் தாங்காமல் ஒரு நாள் கலையிடம் சொன்னேன்: “மூணு மாசம் அந்த வீட்டை வாங்கிட்ட மாதிரியே வாழ்ந்து பார்ப்போம். தவணைப் பணத்தைத் தனியா ஒரு கணக்குல போட்டுருவோம். மிச்சத்துல குடும்பம் ஓடிச்சுன்னா வாங்குவோம். ஓடலேன்னா எம்புட்டு குறையுதுன்னு தெரிஞ்சுபோகும்.”

“வாடகையைக் கழிச்சுட்டுப் போடுங்க. அங்க போனா வாடகை கிடையாதுல்ல?” என்று கேட்டு, போட வேண்டிய தொகையையும் அவளே சொன்னாள்.

எஞ்சினியரும் மூன்று மாதம் பொறுக்கச் சம்மதித்தார். யாரிடமும் மூச்சு விடக் கூடாது, கண் பட்டுவிடும் என்று நான் ஒரு நிபந்தனை போட்டேன். என் புத்திசாலித்தனத்தின் உச்சம் அதுதான்.

முதல் மாதமே ஸ்கூட்டர் வீட்டில் நின்றது. ஏசி நின்றது. பேப்பர் நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி முட்டைக் குழம்பாக இறங்கியது. கலை டவுன் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வந்தாள். பஸ்ஸில் கூட்டம் நெரிகிறது என்று தாலிச் சங்கிலியை பீரோவில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு போனாள். இரண்டாம் மாதம் மில்லில் என் டீக்கு நான் காசு கொடுக்கப் போனால் யாராவது ஒருவர் கையைப் பிடித்துத் தடுத்தார். “இருக்கட்டும், எல்லாருக்கும் வாரதுதான்” என்றார் கேஷியர். எது வருவது என்று எனக்கு விளங்கவில்லை. டீ மிச்சம் என்று சந்தோஷமாகக் குடித்தேன்.

மூன்றாம் மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் கலையின் அண்ணன் மகனுக்குக் காதுகுத்து. மச்சான் போலீஸ் ஏட்டு. வீட்டுக்கு ஒரே மாப்பிள்ளை என்பதால் அரைப் பவுன் மோதிரமாவது போடுவேன் என்று அங்கே எல்லோரும் எதிர்பார்த்திருக்கிறார்கள். நான் மாதக் கடைசி நிலவரத்தைப் பார்த்து ஐநூற்றொன்று மொய் எழுதினேன். அதை மொய் நோட்டுக்காரர் மைக்கில் வாசித்துத் தொலைத்தார். மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது. பிறகு, பஸ்ஸில் வந்ததால் வெறும் மஞ்சள் கயிறு கிடந்த கலையின் கழுத்தைப் பார்த்தது.

மச்சான் என் தோளில் கை போட்டு, சமையல்கட்டுக்குப் பின்னால் கேஸ் சிலிண்டர்கள் அடுக்கியிருந்த இடத்துக்கு அழைத்துப்போனார். பார்ப்பவர்களுக்கு அது பாசம். எனக்கு அது கைது.

“செல்லைக் குடுங்க மாப்ள.”

“எதுக்கு மச்சான்?”

“ரம்மி ஆடுறீகளா?”

“ஐயோ, நான் சீட்டுக்கட்டையே தொட்டதில்ல மச்சான்.”

அவர் செல்லைப் பிடுங்கித் தேடினார். ரம்மி இல்லை. ஆனால் மாதா மாதம் பெரிய தொகை போன கணக்கு ஒன்று அகப்பட்டது. அந்தக் கணக்குக்கு நான் வைத்திருந்த பெயர் ‘வீடு’.

“மாசாமாசம் வீடுன்னு போட்டு அனுப்பியிருக்கீகளே, எந்த வீடு?”

“இப்ப இருக்கிற வீடு இல்ல மச்சான். இது வேற வீடு.”

அவர் மீசை துடித்தது. “வேற வீடா?”

“கலைக்கும் தெரியும்.”

“தெரியுமா!”

“அவதான் மாசம் எம்புட்டு போடணும்னு கணக்குப் போட்டே குடுத்தா.”

பின்னால் பாயச வாளி ‘டணார்’ என்று விழுந்தது. என் மாமியார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. “எம்மவ வாழ்க்கை போச்சே! சின்ன வீட்டுக்குப் படியளக்க எம்மவளே கணக்குப் போட்டுக் குடுத்திருக்காளே!” என்று அவர் வைத்த ஓலத்தில் நாகஸ்வரம் பாதியில் நின்றது.

கலை ஓடி வந்து உண்மையைச் சொன்னாள். நானும் சொன்னேன். விளக்க விளக்க நிலைமை மோசமானது. மாமனார் நிதானமாகக் கேட்டார்: “வாங்காத வீட்டுக்கு எவனாச்சும் தவணை கட்டுவானா?” நியாயமான கேள்வி.

கடைசியில், சந்தேகமிருந்தால் வந்து வீட்டைப் பாருங்கள் என்று கத்திவிட்டேன். அதை அவர்கள் நிஜமாகவே எடுத்துக்கொள்வார்கள் என்று நினைக்கவில்லை. பட்டுச் சேலைகளும் சந்தனப் பொட்டுகளுமாக ஒரு வேன் நிறைய சொந்தம் ராஜபாளையத்துக்குக் கிளம்பியது. எஞ்சினியர் லுங்கியோடு கதவைத் திறந்தார். மச்சான் ஸ்டேஷனில் கேட்கும் அதே குரலில், “இந்த ஆளைத் தெரியுமா?” என்றார்.

அவர் வெலவெலத்துப் போனார். “வீடு பார்க்க வந்தாரு சார். நான் அட்வான்ஸ்னு பத்துப் பைசா வாங்கல. என்ன கேஸ் சார்?”

புருஷன் என்ற வகையில் என் மானம் அந்த வாசலில் தப்பித்தது. வீடு வாங்குகிறவன் என்ற வகையில் அங்கேயே செத்தது. மறுவாரம் எஞ்சினியர் போன் செய்தார். “தப்பா நினைக்காதீங்க தம்பி. போலீஸ் வந்துபோன பார்ட்டிக்குக் குடுக்க வீட்ல பயப்படுறாங்க.” நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மச்சான் போலீஸ்தான், ஆனால் போலீஸாக வரவில்லை என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். வீடு வேறு யாருக்கோ போனது. ‘வீடு’ கணக்கிலிருந்து முதல் செலவாக அரைப் பவுன் மோதிரம் போனது.

சரி, எவ்வளவு சம்பளம் வேண்டும் என்ற கேள்விக்கு விடை கிடைத்ததா? கலை சொன்னாள்: “தவணை ஓடும்ங்க. நீங்களும் நானும் கஷ்டப்பட ரெடிதான். நம்ம சொந்தக்காரங்க தாங்கணும்ல?” அந்த மொத்தப் பேரின் நிம்மதிக்கும் மொய்க்கும் சேர்த்துச் சம்பாதிக்க எந்த மில்லிலும் வேலை இல்லை.

பிறகு கொஞ்சமாகக் கடன் வாங்கி, ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இரண்டு அறை கொண்ட வீடு ஒன்றை வாங்கினோம். இந்தத் தடவை எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் வாங்கினேன். அதுவும் தப்பு. பால் காய்ச்சிய அன்றே மச்சான் கேலியை ஆரம்பித்து வைத்தார். இன்றும் பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் என் மாமியார் கையை நீட்டிக் காட்டுகிறார்:

“அந்தத் தெருவுலதான் எங்க மாப்ள சின்ன வீடு வச்சிருக்காரு. எம்மவளும் அங்கதான் இருக்கா.”