ரைஸ்மில்காரரின் மறு பட்டாபிஷேகம்

போன வருடத்துக்கு முந்தின வருடம், மே மாதம் இருபத்தொன்பதாம் தேதி, காலை பத்தே கால் மணி. அக்னி நட்சத்திரம் முந்தின நாளே முடிந்துவிட்டதாகக் காலண்டர் சொன்னது. வெயிலுக்கு அந்தத் தகவல் வந்து சேரவில்லை. சின்னசேலம் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பிணத்தைத் தோண்டி எடுத்துத் தூக்கில் போட்டதைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தவரைப் போல இன்னொருவர், உளுந்தூர்பேட்டையிலிருந்து கல்வராயன் மலை உச்சிவரை வீடு வீடாகக் கணக்கெடுத்தாலும் கிடைக்க மாட்டார்.

அவர்தான் சார்லஸ் சார். பெற்றவர்கள் வைத்த பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. கல்லூரியில் சரித்திரம் நடத்தும் கௌரவ விரிவுரையாளர். எங்கள் தெருக்கோடியில் மாடியறை ஒன்றில் தனியாக இருந்தார். உலக சரித்திரத்தில் அவர் ஒப்புக்கொண்டது ஒரே ஒரு சம்பவத்தைத்தான். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்து ராஜாவின் தலையை வெட்டினார்கள். க்ராம்வெல் என்ற படைத்தலைவர் ஆண்டார். அவர் போனதும், செத்த ராஜாவின் மகன் இரண்டாம் சார்லஸை வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டு வந்து ஜனங்களே சிம்மாசனத்தில் உட்கார வைத்தார்கள். அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் அவருக்கு ஒத்திகை; பின்னால் நடந்ததெல்லாம் விளைவு.

டீக்கடைக்குப் போனால் தம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இங்கிலாந்து அரண்மனையில இத்தக் குடிக்கிறத ஃபேஷன் ஆக்கினது யாரு தெரியுமா? சார்லஸோட போர்த்துகீசிய ராணி!" என்பார்.

"அந்தம்மா பேருல எழுதிக்கட்டுமா சார்? உங்க பேருல ஏற்கெனவே ஜாஸ்தி ஆயிடுச்சு" என்பார் கடைக்காரர்.

தெருவில் ஒரு நிச்சயதார்த்தம். பந்தியில் உட்கார்ந்து, "அந்த ராணி சீதனமா பம்பாயையே கொண்டாந்தா" என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் கை கழுவிவிட்டுத் தனியாகப் போய்க் கூடிப் பேசினார்கள். பெண்ணின் அப்பா அன்றிலிருந்து சார்லஸ் சார் எதிரே வந்தால் பக்கத்துச் சந்தில் நுழைந்துவிடுவார்.

இப்படிப்பட்டவரோடு நான் சின்னசேலம் போக நேர்ந்ததற்கு எங்கள் தெரு போர்வெல்தான் காரணம்.

தெருச் சங்கத்துக்கு நெடுங்காலத் தலைவர் ரைஸ்மில்காரர். மில்லை விற்றுவிட்டார், பெயர் தங்கிவிட்டது. தெருவில் ஆறு வீடுகள் அவருக்குச் சொந்தம். அதில் மூன்றாவது நான் குடியிருப்பது. ஆடி மாதம் கூழ் ஊற்றுவது அவர் செலவு. பொங்கலுக்கு உறியடி அவர் செலவு. ஆனால் போர்வெல் மோட்டார் அறைச் சாவி அவர் இடுப்பை விட்டு இறங்காது. அவர் தூங்கி எழுந்தால்தான் தெருவுக்குத் தண்ணீர். ஒரு கோடையில் பொறுக்க முடியாமல் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டு அவரை நீக்கினோம். அவர் அந்தத் தாளை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. சாவியைத் தெருவில் வீசிவிட்டுச் சின்னசேலத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கையெழுத்துகளில் நான்காவது என்னுடையது.

அடுத்து வந்தவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீர் நேரத்துக்கு வந்தது. மற்றதெல்லாம் நின்றது. கேரம் போர்டு, மார்கழி ஒலிபெருக்கி, உறியடி, பிள்ளைகளின் கிரிக்கெட் எல்லாவற்றுக்கும் தடை. "க்ராம்வெல்லும் இதையேதான் பண்ணான்!" என்று சார்லஸ் சார் துள்ளினார். பட்டாளத்தார் மகனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கோயம்புத்தூர் போனதும், "ரிச்சர்ட்! க்ராம்வெல் மவன் ரிச்சர்ட்! தாங்காது பாருங்க!" என்றார். பதினாறாம் நாள் மோட்டார் புகைந்தது.

ரைஸ்மில்காரரையே திரும்ப அழைப்பது என்று தெரு கூடி முடிவு செய்தது. தூது போகச் சார்லஸ் சார். சார்லஸ் லண்டனுக்குள் நுழைந்த மே இருபத்தொன்பதைத் தவிர வேறு நாளில் போகமாட்டேன் என்றார் அவர். துணைக்கு, பேருந்துச் சீட்டு வாங்கி மீதிச் சில்லறையைச் சரியாகக் கொண்டுவரக்கூடிய நான்.

எனக்கு ஒரே கவலை. என் பெயர் அந்தத் தாளில் இருப்பது தெரிந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார். எனக்கு எழுபத்திரண்டு வயது. என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் மடங்காது. படியில்லாமல், இந்த வாடகைக்கு, இன்னொரு வீட்டுக்கு எங்கே போவேன்?

"கையெழுத்துப் போட்டவங்கள அவங்க இன்னா பண்ணாங்க சார்?" என்று பேருந்தில் கேட்டுத் தொலைத்தேன்.

"ராஜா தலைய வெட்டச் சொல்லி ஐம்பத்தொன்பது பேரு போட்டாங்க. செத்துப்போனவனைக்கூட விடல! க்ராம்வெல்லைத் தோண்டி எடுத்துத் தூக்குல போட்டு, தலையக் கம்பத்துல செருகி, இருபது வருஷத்துக்கு மேல—"

"மெதுவா பேசுங்க. கண்டக்டர் பாக்கறாரு."

ரைஸ்மில்காரர் மகள் வீட்டு வராந்தாவில் கட்டிலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா, மோட்டாரு பூடுச்சா?" என்றார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

சார்லஸ் சார் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "நீங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு அறிக்கை விடணும்ங்க. சார்லஸ் ராஜா பிரெடா ஊர்ல இருந்து விட்டாரு."

"இந்த ஊர்ல இருந்து வுட்டா ஆவாதா?"

"ஆவும்ங்க. உங்களுக்கு எதிரா நடந்துக்கிட்ட எல்லாருக்கும் மன்னிப்புன்னு கையெழுத்துப் போடுங்க."

"எல்லாருக்கும்னா? எவன் எவன் போட்டான்னு சொல்லு வாத்தியாரே, அப்பறம் மன்னிக்கிறேன்."

நான் மின்விசிறியைப் பார்த்தேன். மூன்று இறக்கைகள்.

சார்லஸ் சாருக்கு எத்தனையோ தெரியும், பொய் தெரியாது. "வரலாற்ற மறைக்கக்கூடாதுங்க. பதினோரு பேரு. அதுல ஒருத்தரு இங்கயே குந்திகினு இருக்காரு."

கடலை உரிப்பது நின்றது.

"ட்ரஷரி! என் வூட்டுல இருந்துகினே என்னியத் தொரத்தக் கையெழுத்துப் போட்டியா?"

கருவூலத்தில் முப்பத்து மூன்று வருடம் கேள்விகளுக்குப் பதில் எழுதியவன் நான். கீழே சிந்திக் கிடந்த கடலைத் தோலைப் பொறுக்கத் தொடங்கினேன்.

"அவரை ஒண்ணும் சொல்லக்கூடாதுங்க," என்று சார்லஸ் சார் குறுக்கே வந்தார். "சட்டமே இருக்கு. ஒரு சிலரத்தான் தண்டிச்சாங்க. மத்தவங்களுக்கு மன்னிப்பு மட்டும் இல்ல, மறதியும் உண்டு. மூணு வருஷத்துக்குள்ள பழச எடுத்துக் குத்திக்காட்டிப் பேசினா அபராதம். கனவானுக்குப் பத்து பவுண்டு, சாதாரண ஆளுக்கு நாப்பது ஷில்லிங்."

"மன்னிச்சு வுட்டதுல அந்த ராஜாவுக்கு இன்னா லாபம்?"

"சாவுற வரைக்கும் சொந்த ஊர்ல இருந்தாருங்க. வேத்தூர்ல அடுத்தவன் சோத்துக்குக் காத்துகினு கிடந்தவரு இல்லையா?"

ரைஸ்மில்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். மகள் தொலைக்காட்சியில் மூழ்கியிருந்தாள். குரலைத் தாழ்த்தினார். "உப்பில்லாம கொழம்பு வெக்கிறா வாத்தியாரே. பிரஷராம். தெனம்."

பேனாவை வாங்கினார். "நம்ம தெருவுல எவன் கனவான்? எல்லாருக்கும் அம்பது ரூபா. மோட்டாருக்கு ஆவட்டும்." கையெழுத்துப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "வாடகை மட்டும் அஞ்சாந் தேதி தாண்டக்கூடாது, ட்ரஷரி."

அப்போதுதான் நான் மூச்சு விட்டேன். அவர் நீட்டிய கடலையை வாங்கித் தின்றேன். சொத்தைக் கடலைகூட அன்று இனித்தது. வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி, மடங்காத முழங்காலோடு, அடுப்படிக்கும் வாசலுக்கும் நாலு நடை நடந்தாள்.

மேளம் வைத்து, ஆரத்தி எடுத்து அவரை அழைத்து வந்தோம். வரவேற்புரை சார்லஸ் சார். "இதே தெருவுல இவர நாம தொரத்தினப்ப..." என்று தொடங்கினார்.

"அம்பது!" என்றார் ரைஸ்மில்காரர்.

சட்டத்தைக் கொண்டுவந்தவரே அதிகம் மீறினார். பழசைத் தொடாமல் அவரால் வாயைத் திறக்க முடியாது. கல்லூரிச் சம்பளம் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறைதான் வரும். சட்டைப் பையைத் துழாவினால் சாக்பீஸ் வரும். "நான் குடுத்துடறேன்" என்பேன். "வரவு வெச்சிக்குங்க சார்" என்பார். நான் வரவு வைக்கவில்லை, செலவு என்றே எழுதினேன்.

சார்லஸ் சார் திருநெல்வேலிப் பக்கம் நிரந்தர வேலை கிடைத்துப் போய்விட்டார். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் தெருவில் யாரும் பழசைப் பேசுவதில்லை. அபராத டப்பா காலியாகவே கிடந்தது. போன ஞாயிற்றுக்கிழமை நானே ரைஸ்மில்காரர் வீட்டுக்குப் போய், பட்டாளத்தார், மோட்டார், சின்னசேலம், எல்லாவற்றையும் சார்லஸ் சார் சொல்வதுபோலவே கையை ஆட்டி ஆட்டி முழுதாகச் சொன்னேன். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கடைசிவரை கேட்டார். பிறகு கையை நீட்டினார்.

அந்த ஐம்பதையும் சேர்த்து எனக்கு ஆன மொத்தச் செலவு ஆயிரத்து எண்ணூறு ரூபாய். அதில், முன்பு வாய் தவறிய மூன்று தடவையும் சேர்த்து, நான் பேசியதற்கு இருநூறு. அவர் பேசியதற்கு ஆயிரத்து அறுநூறு.